சூட்டுக்கொட்டை

என் வயதை ஒட்டியவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படிக்கலாம். இளையவர்கள் படித்தால் புகார் கொடுக்கக் கிளம்புவார்கள். புகாரை எங்கே, யாரிடம், எந்த ஒழுங்கில் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் என்னிடமே வந்து கேட்பார்கள்.

என் பேரன் சனிக்கிழமைகளில் இயற்கை வகுப்புக்குப் போகிறான். ஈப்போவிலிருந்து காம்பாருக்குப் போகும் பழைய சாலையில், ரப்பர் தோட்டமாக இருந்து, செம்பனையாகி, இப்போது வரிசை வரிசையாக வீடுகளாகிவிட்ட இடம் அது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் ரப்பர் பால்மரங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே போய் மண்ணைத் தொடுகிறார்கள். தொடுவதற்கு முன் கை கழுவுகிறார்கள், தொட்ட பின்னும் கழுவுகிறார்கள். மரத்தைக் கட்டிப்பிடிப்பதற்குப் பெற்றோர் ஒப்புதல் தர வேண்டும். நான் சுகாதார இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நடைமுறை என்ற சொல் காதில் விழுந்தாலே முதுகு நிமிர்ந்துவிடும். ஆகவே குறை சொல்லமாட்டேன்.

போன வாரம் வகுப்பு நடத்தும் பெண் ஒரு ரப்பர் கொட்டையைப் பேரனின் உள்ளங்கையில் வைத்து, எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். வழவழப்பாக இருக்கிறது என்றான். கோடு கோடாக அழகாக இருக்கிறது என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கொட்டை எதற்காகப் படைக்கப்பட்டது என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். கொட்டையைச் சிமெண்டில் வைத்து முன்னும் பின்னும் வேகமாகத் தேய்த்தால் நெருப்பாகச் சுடும். உடனே அதைப் பக்கத்தில் இருப்பவன் தோலில் வைத்து அழுத்த வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்தில் இதைக் கொஞ்சம் சீர்படுத்தியிருந்தோம். சூடு வாங்குபவர் கையை நீட்டி ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தொடங்க வேண்டும். கொட்டை தோலில் பட்ட பிறகும் குரல் நடுங்கக்கூடாது, எண் தவறக்கூடாது, கையை இழுக்கக்கூடாது. கடைசி வரை சொல்லி முடித்தால் சூடு வைத்தவனின் கொட்டைகள் எல்லாம் அவருக்கு. தவறினால் இருப்பதும் போய், கையில் வட்டமாக ஒரு கொப்புளமும் மிஞ்சும். வாய்ப்பாட்டை அவ்வளவு ஊன்றிக் கற்பித்த முறை எங்கள் பள்ளியில் வேறு கிடையாது. இன்றைக்கும் ஏழெட்டு எவ்வளவு என்று யாராவது கேட்டால் என் வலது கை இடது கையைத் தடவுகிறது.

கொட்டைக் காலம் சத்தத்தோடு வரும். வெயில் ஏறிய மத்தியானத்தில் பால் வெட்டும் வெட்டுக்காடு முழுக்கக் காய்கள் படபடவென்று வெடிக்கும். கொட்டைகள் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துத் தகரக் கூரையில் விழுந்து உருண்டு வாய்க்காலில் இறங்கும். காற்றில் புகைவீட்டில் தொங்கும் ரப்பர் தகட்டின் வாடையும், புளித்த பாலின் நாற்றமும் கலந்திருக்கும். அந்த நாற்றம் எனக்கு இன்னும் பிடிக்கும். இதை வெளியே சொல்வதில்லை.

அப்பா தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதுபவர். மேட்டில், தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பூர்வீகம் யாழ்ப்பாணம் என்பதை அம்மா யாரையும் மறக்க விட்டதில்லை. “லயத்துப் பிள்ளையளோட உருண்டுபோட்டு என்ர அடுப்படிக்குள்ள வரக் கூடாது, கண்டியோ. பேன் தொத்தும்,” என்று பம்படியிலேயே என்னை நிறுத்திக் குளிப்பாட்டுவார். லயத்திலிருந்து எனக்கு எதுவும் தொற்றிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். பெரியவர்கள் எப்போதும் கவனமாகத்தான் இருந்தார்கள், தவறான பொருளின்மேல்.

பள்ளிப் பாடத்திட்டத்தில் அப்போதே இயற்கைப் பாடம் உண்டு. பெரிய வாத்தியார் அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. மத்தியானம் எங்களைப் பால்மரங்களுக்கு நடுவே அனுப்பி, இயற்கையைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, மேசையில் தலை வைத்துத் தூங்குவார். சில நாள் அவர் வீட்டுக் கோழிக்கூண்டின் இயற்கையைக் கவனித்தோம். கூட்டி அள்ளி, அவருடைய கத்திரிச் செடிகளுக்கு உரமாகவும் போட்டோம். ஆக, விளையாட்டுக்கு இடமும் நேரமும் அரசாங்கமே ஒதுக்கித் தந்தது.

அந்தப் பருவத்தில் எங்களில் யாராலும் வெல்ல முடியாதவள் ஆயா மகள். அவளுடைய அம்மா பால் வெட்டப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் தூளி கட்டிப் பார்த்துக்கொள்பவர். அப்பா இல்லை. என்னைவிட மூத்தவள், ஒல்லி, யாரையும் நேராகப் பார்ப்பவள். ஜெயித்த கொட்டைகளை விளிம்பு உடைந்த ஒரு பால்மங்கில் போட்டுவைப்பாள். மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் அந்த மண்கோப்பை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், உள்ளே பளபளவென்று, ஓரத்தில் காய்ந்த ரப்பர் ஒட்டிக்கொண்டு. இப்போது அதைக் குளிர்பானக் கடைகளில் அலங்காரத்துக்கு வைக்கிறார்கள்.

அவள் இடது கையை நீட்டுவாள். கடையில் சாமான் கேட்பதுபோல வாய்ப்பாட்டைச் சொல்வாள். கொட்டை அழுந்தி, பூனைமயிர் கருகுகிற வாடை வரும். அவள் குரல் மாறாது. ஒரு தடவை நடுவில் கொட்டாவி விட்டாள். நாங்கள் அவளைப் பயபக்தியோடு பார்த்தோம். தீமிதிக்கிறவர்களைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

நீங்கள் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுக்குத் தொழுநோய். முழங்கைக்குக் கீழே ஒன்று, மணிக்கட்டுக்கு மேலே ஒன்று, வெளிறிய இரண்டு படைகள். அந்த இடங்களில் உணர்ச்சி கிடையாது. அந்த நாளிலேயே மாத்திரை வந்துவிட்டது. சீக்கிரம் கண்டுபிடித்தால் கை தப்பும். நரம்பு கெட்ட பிறகு கண்டுபிடித்தால் நோய் போகும், கை திரும்பி வராது. அந்தக் கை எந்தப் பக்கம் போகும் என்பதுதான் அந்தப் பருவம் முழுக்கத் தீர்மானமாகிக்கொண்டிருந்தது. நாங்கள் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

பெரியவர்கள் பார்க்காமல் இல்லை. ஆயா அதைத் தேமல் என்று நினைத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். தோட்டத்து மருந்தக டிரெஸ்ஸர், குளிக்காத பிள்ளை என்று சொல்லி ஊதா மருந்து தடவினார். அவரிடம் எல்லா வியாதிக்கும் அந்த ஒரே புட்டிதான்.

தண்டல் மகன் எங்கள் கூட்டத்துக்குத் தலைவன். அவனுடைய அப்பா வெட்டுக்காட்டில் மேற்பார்வை பார்த்து ஆட்களை விரட்டுவதுபோல அவன் எங்களை விரட்டுவான். ஒரு நாள் அவனுடைய கொட்டைகள் மொத்தமும் அவளுடைய மங்குக்குப் போய்விட்டன. அவன் புதிதாக ஒன்றைக் கேட்டான்.

“எப்பப் பாத்தாலும் இந்தக் கையத்தான் நீட்டுற. அந்தக் கையக் குடு.”

அவள் யோசித்தாள். நாங்கள் அவள் யோசித்து அன்றுதான் பார்த்தோம். பிறகு வலது கையை நீட்டினாள். இருபத்தொன்று என்று சொல்லும் முன்னே அலறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

“தீப்பு லா இவ,” என்றான் தண்டல் மகன். “அந்தக் கையில என்னமோ தடவிக்கிட்டு வந்து எல்லாரையும் ஏமாத்துறா.”

கிராணி மகன் என்பதால் விசாரணை என் பொறுப்பில் விழுந்தது. நான் நடைமுறை வகுத்தேன். முதலில் அவள் இரண்டு கைகளையும் வாய்க்கால் மணலால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஆயாக்கொட்டகையிலிருந்து கொண்டுவந்த நைந்துபோன பழைய தூளித் துணியால் கண்ணைக் கட்ட வேண்டும். லாலாங் புல்லின் நுனியால் நாங்கள் கையைத் தொடுவோம். தொட்ட இடத்தில் அவள் விரலை வைத்துக் காட்ட வேண்டும். மரத்தடி நிழலில் அவளை உட்காரவைத்துத் தொடங்கினோம். வலது கையில் ஒன்றுகூடத் தவறவில்லை. இடது கைக்கு வந்தோம். படையின்மேல் புல்லை இழுத்தோம். மறுபடியும் இழுத்தோம். குத்தினோம். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவள் முகத்தை நிமிர்த்தி, பாடம் தொடங்கக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

“ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கேட்டாள்.

பின்னாளில் இலாகாவில் இதே சோதனையைப் பயிற்சியாகக் கற்றேன். புல்லுக்குப் பதிலாகப் பஞ்சு. மற்றபடி எங்கள் முறையில் திருத்த எதுவும் இருக்கவில்லை. கையைக் கழுவச் சொன்னது கூடுதல் சிறப்பு. அந்தத் தோட்டத்தில், அந்த வருடத்தில், அந்த நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் மட்டும்தான். தீர்ப்புதான் வேறாக இருந்தது. ஏமாற்று நிரூபணமாகிவிட்டது என்று அறிவித்தோம். தண்டல் மகன் மங்கைத் தூக்கி வாய்க்கால் சிமெண்டில் அடித்து உடைத்தான். கொட்டைகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். தடவியது எதுவோ அது போய், இடது கையிலும் புல் தெரிந்த பிறகு வந்தால் போதும் என்று அவளை அனுப்பினோம். அதுவரை யாரும் அவளோடு விளையாடக்கூடாது, பேசவும் கூடாது. பிள்ளைகள் உத்தரவை மீறமாட்டார்கள், அது பிள்ளைகள் போட்ட உத்தரவாக இருந்தால்.

சூட்டுக்கொட்டை சமாச்சாரம் பெரிய வாத்தியாருக்கு எட்டியது. அவரும் விசாரித்தார். எங்கள் எல்லோரையும் கை நீட்டச் சொல்லித் தழும்புகளைப் பார்த்தார். அவள் கையில்தான் அதிகம். தழும்பு அதிகம் உள்ளவள்தான் விளையாட்டைத் தொடங்கிவைத்தவள் என்று முடிவு செய்தார். எழுத வலது கை வேண்டும் என்ற கருணையில் பிரம்படியை இடது உள்ளங்கையில் கொடுத்தார். கட்டைவிரல் பக்கம் விழுந்த அடிக்கு அவள் கண் சுருங்கியது. சுண்டுவிரல் பக்கம் விழுந்தவற்றுக்கு இமைகூட அசையவில்லை. அவள் ஜன்னல் வழியாகக் கோழிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திமிரா? அழுவ மாட்டியா நீ?” என்று அவர் அந்தப் பக்கமாகவே அடித்தார். தோல் பிளந்து ரத்தம் அவள் பாவாடையில் சொட்டியது. அது எங்கிருந்து வருகிறது என்று அவள் தேடியதைப் பார்த்தேன். முதலில் முழங்காலைத்தான் பார்த்தாள்.

அப்போதே அவளுடைய சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்பக்கமாக வளையத் தொடங்கியிருந்தன. தன்னைக் கேலி செய்யத்தான் அப்படி வைத்துக்கொள்கிறாள் என்று வாத்தியார் நினைத்தார். மர அடிமட்டத்தைச் சணலால் விரல்களோடு சேர்த்துக் கட்டி, பள்ளி விடும்வரை நிற்கவைத்தார். கட்டை அவிழ்த்ததும் விரல்கள் பழையபடி வளைந்துகொண்டன. திமிரிலும் இது ஒரு தனி வகை என்றார்.

இதற்கிடையில் அவள் சும்மா இருக்கவில்லை. ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்து, நடக்கப் பழகிய ஒரு குழந்தையின் கையில் புல்லைக் கொடுத்துத் தன் இடது கையைத் தொடச் சொல்லிக்கொண்டிருந்ததை, அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் கண்டேன். கண்ணைக் கட்டியிருப்பாள். அவளோடு பேசக்கூடாது என்பதால் கேட்கவில்லை.

காய் வெடிப்பது ஓயும் நேரத்தில் அவள் வாய்க்காலுக்கு வந்து, அதே தூளித் துணியை நீட்டினாள். மரத்தடி வேண்டாம், எறும்பு என்று சொல்லி வெட்டவெளியில் உட்கார்ந்தாள். தண்டல் மகனே புல்லைப் பிடித்தான். மணிக்கட்டுக்கு மேல் தொட்டான். விரல் சரியாக அங்கே வந்தது. முழங்கைக்குக் கீழே தொட்டான். அங்கேயும் வந்தது. எங்களால் நம்ப முடியவில்லை.

“சரி, போய்ட்டுது லா,” என்றான் தண்டல் மகன். அவளைச் சேர்த்துக்கொண்டோம். அன்று அவள் சிரித்தது போன்ற சிரிப்பை நான் பின்னால் பதவி உயர்வு பெற்றவர்கள் முகத்தில்கூடப் பார்த்ததில்லை.

அதன் பிறகு சுகாதாரக் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. தோல் நோய் பார்ப்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இருக்க வேண்டும். பெரிய வாத்தியாருக்கு அரசாங்கத்திலிருந்து யார் வந்தாலும் அது தேர்வுதான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. பூச்செடிப் பாத்தியைச் சுற்றிய கற்களுக்கும் வெள்ளை. எங்கள் நகங்கள் வெட்டப்பட்டன. அத்தோடு விடாமல், குழுவோடு வரும் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என்ன செய்வார் என்று டிரெஸ்ஸரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எங்களுக்கு ஒத்திகையும் நடத்தினார்.

“மிஸ்ஸி தொட்டா ஒடனே வெரல வச்சுக் காட்டணும். தெரியலன்னு ஒருத்தன் சொன்னாலும் பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பேரு. அப்புறம் நான் யாருன்னு தெரியும்.”

சுண்ணாம்புக்கட்டியால் ஒவ்வொருவரையும் தொட்டுப் பழக்கினார். ஆயா மகளுக்குப் பழக்கம் தேவைப்படவில்லை.

வந்த மிஸ்ஸி நல்லவர், சிரத்தையானவர். அவர்மேல் எனக்குக் குறை கிடையாது. வகுப்பறை இருட்டாக இருக்கிறது, தோலின் நிற வேற்றுமை நல்ல வெளிச்சத்தில்தான் தெரியும் என்று மேசை நாற்காலியை வெளியே வெயிலில் போடச் சொன்னார். அதுதான் சரியான முறை. ஆயா மகளின் படைகளைக் கண்டதும் நின்றார். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சை மெல்லிய திரியாக முறுக்கி, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி, இடைவெளி விட்டு விட்டுத் தொட்டார். அதுவும் சரியான முறை. அவள் விரல் ஒவ்வொரு தடவையும் தப்பாமல் போய் அந்த இடத்தில் நின்றது. மிஸ்ஸி முகம் சுளித்தார். மறுபடி செய்தார். மறுபடியும் தப்பவில்லை. வளைந்த விரல்களைத் தொட்டு, இது ஏன் இப்படி என்று கேட்டார்.

“அது பழக்கதோஷம் மிஸ்ஸி. புள்ளைக்குத் திமிரு ஜாஸ்தி,” என்றார் பெரிய வாத்தியார்.

வரிசையில் இன்னும் பிள்ளைகள் நின்றார்கள். மத்தியானத்துக்குள் வேன் அடுத்த தோட்டத்துக்குப் போயாக வேண்டும். மிஸ்ஸி அவள் கன்னத்தைத் தட்டி, போகலாம் என்றார். அன்று எங்கள் பள்ளியில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. மகிழ்ச்சியில் வாத்தியார் அரைநாள் விடுமுறை விட்டார். நாங்கள் ஓடிப்போய் இயற்கையைக் கவனித்தோம்.

அடுத்த கொட்டைக் காலத்துக்குள் அந்த இரண்டு விரல்களும் உள்ளங்கையோடு மடங்கிவிட்டன. ஒரு நாள் அவள் கொதிக்கும் பால் சட்டியை வெறும் கையால் இறக்கிவைத்து, வாடை வந்த பிறகுதான் தெரிந்துகொண்டாள். ஆயா அவளை ஈப்போவுக்குப் பஸ்ஸில் அழைத்துப்போனார், திரும்பி வரும்போது தனியாக வந்தார். பிள்ளையைக் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருந்த தொழுநோயாளர் குடியிருப்புக்கு அனுப்பியிருந்தார்கள். மறுநாளே டிரெஸ்ஸர் ஆயாக்கொட்டகைத் தூளிகளையெல்லாம் அவிழ்த்து எரித்தார். குழந்தைகளை விட யாரும் வரவில்லை. அம்மா என்னைப் பம்படியில் நிறுத்தி, தோல் சிவக்கும்வரை தேய்த்தார். அப்பாவுக்குத் தாப்பா பக்கம் மாற்றலாகி நாங்கள் போனோம். மங்கின் உடைந்த துண்டுகள் அப்போதும் வாய்க்காலில் கிடந்தன.

இந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். வகுப்பில் புது விளையாட்டு. பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, இலையால் கையைத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார்கள். தோலோடு பேசுவது என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பேத்தியோடு வந்த ஒரு பெண்மணி நின்றார். நீளக்கை சட்டை, குடை, தண்ணீர்ப் புட்டி போட்ட ஒரு பை. பையை இடது கையின் மடங்கிய இரண்டு விரல்களில் மாட்டியிருந்தார். கொக்கிபோல வசதியாகத்தான் இருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“நீங்க கிராணி மகன்தானே? பம்பு வீடு.”

ஆம் என்றேன். நலம் விசாரித்தோம். குடியிருப்பிலேயே படித்து, அங்கேயே ஒருவரைக் கட்டி, மகளை வளர்த்து, இப்போது ஈப்போவில் மகளோடு இருக்கிறார். மகளின் பெண்தான் இது. பேச்சு தீர்ந்ததும், ஆயுள் முழுக்க அந்தச் சோதனையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், கேட்க வேண்டியதைக் கேட்டேன். மிஸ்ஸியை எப்படி ஏமாற்றினீர்கள்?

“வெயிலப் பாத்து, கைய மூஞ்சிக்கு முன்னால தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்துக்குவேன். கண்ண மூடுனா உள்ள செவப்பா இருக்கும்ல? கை கிட்ட வந்தா அந்த எடம் கறுக்கும். மேல கறுத்தா மேல வெரல வைப்பேன், கீழ கறுத்தா கீழ. ரெண்டே எடந்தானே லா.”

நல்ல வெளிச்சம் வேண்டும் என்று எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. நோயாளி வெயிலுக்கு முதுகு காட்ட வேண்டும் என்று நான் படித்த எதிலும் இல்லை.

அன்றைக்கு நீங்கள் தோற்றிருந்தால், என்று தொடங்கினேன்.

“தெரியும். டாக்டர் சொன்னாரு, அந்த வருஷமே வந்திருந்தா கை நேரா இருந்திருக்கும்னு.” பையை விரலில் சரியாக மாட்டிக்கொண்டார். “ஆனா நீங்கள்லாம் என்னத் திரும்பச் சேத்துக்கிட்டீங்கல்ல.”

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவர் முகத்தில் தேடினேன். இல்லை. அதைத் தாங்குவதற்கு என்னிடம் நடைமுறை எதுவும் கிடையாது.

திடலில் அவருடைய பேத்தியின் முறை வந்தது. சின்னப் பெண், கண்ணில் பூப்போட்ட துணி, முகம் வெயிலை நோக்கி. இலை பட்ட இடமெல்லாம் விரல் சரியாகப் போனது. வகுப்பு நடத்தும் பெண் பாராட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். ஆயா மகள் கைதட்டவில்லை. பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், குழந்தையின் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, முதுகு வெயிலுக்கு வரும்படி நிறுத்தினார். காலடியில் முளைத்திருந்த புல்லில் ஒன்றைக் கிள்ளி, அதன் நுனியால் குழந்தையின் இடது முழங்கைக்குக் கீழே தொட்டார்.

விரல் வந்து சரியாக அந்த இடத்தில் நின்றது.

அவர் நம்பவில்லை. மறுபடி தொட்டார்.